பாட்டனுக்கு ஒரு ஏடு



யானைக்கவுனி வால்டாக்ஸ் சாலையில் பழைய நகரச் சுவரும் அதற்கான வரியும் இன்னும் பெயராக நிற்கின்றன. அந்தச் சுவருக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. பட்டா இல்லாதவருக்கு வரலாறும் இல்லை என்று நம்மையே நம்பவைத்துவிட்டார்கள்.

கடல் தாண்டியவர்களுக்கு மட்டும் ஓர் ஏடு உண்டு. 1860 அக்டோபர் 12 அன்று 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. 1911 வரை அங்கே போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு என்று பதிவானது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தென்னாப்பிரிக்காவின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் ஊரைத் தேடுகிறார்கள்.

பல பெயர்களுக்கு எதிரே 'பறையர்' என்றிருக்கிறது. அதைக் கண்டு பக்கத்தை மூடக் கூடாது. அரசாங்கம் கேட்ட கேள்விக்கு அது பதில், அவ்வளவுதான். ஏன் கிளம்பினார், யாரை விட்டுப் போனார் என்று கேட்கும் பத்தி அந்த ஏட்டில் இல்லை.

இங்கேயே தங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு அந்த எண்கூடக் கிடையாது. அவருடைய ஏடு நம் ஆயாக்களின் ஞாபகம்தான். அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்: எந்த ஊர், யார் கூட்டி வந்தது, முதல் குடிசை எங்கே, எத்தனை தடவை காலி செய்யச் சொன்னார்கள்? கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.