குரலைத் திருத்தும் குமிழ்கள்

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளின் முகப்பிலே, ஒலியளவைக் கூட்டும் குமிழுக்கும் நிலையத்தைத் தேடும் குமிழுக்கும் துணையாக, ‘டோன்’ என்றொரு மூன்றாம் குமிழ் இருந்ததை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது குரலை இனிமையாக்கும் கருவி என்பது அக்காலத்து எண்ணம். உண்மையில் அக்குமிழ் எதனையும் கூட்டவில்லை. கழிப்பது ஒன்றே அதன் தொழில்.

அதன் அமைப்பு மிக எளியது. ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வில் ஒரு கண்டென்சர், அதனோடு ஒரு மாறும் ரெஸிஸ்டர், அவ்வளவே. விரைந்து அதிரும் மின்னலைகளுக்குக் கண்டென்சர் எளிதில் வழிவிடும். மெல்ல அதிர்பவற்றைத் தடுத்து நிறுத்தும். ஆகவே குமிழைத் திருகத் திருக, உயர்ந்த ஒலிகள் மடை திறந்த வயல்நீர்போல் வடிந்துவிட, கனத்த ஒலிகள் மட்டும் எஞ்சின.

கழித்ததற்கும் காரணம் இருந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கியது. அதனையும் இலங்கை வானொலியையும் நம் காவிரிக் கடைமடை மக்கள் விரும்பிக் கேட்டனர். ஐப்பசி கார்த்திகையில் மின்னல் வெட்டுந்தோறும் மத்திய அலையிலே கரகரப்பு எழும். உயர்ந்த ஒலிகளைக் கழித்தால் அக்கரகரப்பும் ஓரளவு அடங்கும். செவிக்கு அது பெரிய ஆறுதல்.

ஆயின் அந்த ஆறுதலுக்கு விலையாகப் போனது மொழி. பேச்சின் வலிமையிற் பெரும்பகுதி உயிரெழுத்துகளில், தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் வல்லின மெய்களோ, வினாடிக்கு 2,000 அதிர்வுகளையொட்டியும் அதற்கு மேலும் உள்ள ஒலிகளைப் பெரிதும் சார்ந்து நிற்கின்றன. பத்து, பட்டு, பற்று என்று சொல்வதெழுதச் செய்யும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். வகுப்பின் கடைசி வரிசைக்கு உயிரெழுத்து போய்ச் சேரும், மெய்யெழுத்து வழியிலேயே மறைந்துவிடும். ‘டோன்’ குமிழைக் கடைசிவரை திருகிவைத்த பெட்டி, கேட்போர் அனைவரையும் கடைசி வரிசையில் உட்காரவைத்தது.

கழிக்க மட்டுமன்றிக் கூட்டவும் வழி தேடியவர்கள், பெரும்பாலும் வீட்டிலே கருவி அமைத்துப் பழகிய ஆர்வலர்களே. இங்கிலாந்தில் வெளிவந்த ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழ் அவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. 1947இல் வில்லியம்ஸன் என்பவரின் ஒலிப்பெருக்கம் அதில் வெளியாயிற்று. 1949இல் ஜேம்ஸ் என்பவர், கண்டென்சர்களையும் ரெஸிஸ்டர்களையும் மட்டுமே கொண்டு, பேஸ், டிரெபிள் இரண்டையும் தனித்தனியே ஆளும் அமைப்பைத் தந்தார். அதில் ஒரு தந்திரம் உண்டு. முதலில் ஒலியலை முழுவதையும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட வேண்டும். பிறகு வேண்டிய பகுதியில் அக்குறைப்பைத் தளர்த்தினால், அப்பகுதி கூடியதுபோல் தோன்றும். எளிய ஆம்ப்ளிபயரில் இதனை இணைத்தவுடன் ஒலி மங்கிப்போவதும், இன்னொரு பெருக்கக் கட்டம் தேவைப்படுவதும் இதனாலேயே.

இக்குறையைத் தீர்த்தவர் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பீட்டர் பாக்ஸண்டால். 1927இல் அமெரிக்கராகிய ஹரால்டு பிளாக் கண்ட எதிர்ப்பின்னூட்டம் என்னும் முறையை, அதாவது வெளிவரும் அலையின் ஒரு பங்கை எதிர்முகமாக உள்ளே திருப்பிப் பெருக்கத்தைத் திருத்தும் முறையை, அவர் இக்குமிழ்களுக்குப் பொருத்தினார். 1952 அக்டோபரில் அதே இதழில் கட்டுரை வந்தது. இரு குமிழ்களும் நடுவில் நிற்கையில் உள்ளே போன ஒலி கூடாமலும் குறையாமலும் வெளிவரும். ஒரு புறம் திருகினால் கூடும், மறுபுறம் திருகினால் குறையும். உலகெங்கும் இலட்சக்கணக்கான கருவிகளில் இவ்வமைப்பு இடம்பெற்றும், அவர் அதற்கு உரிமைத்தொகை பெற்றதில்லை. அதனாலன்றோ வரிச்சிக்குடியில் ஒரு மாணவன், ஒரு டிரான்ஸிஸ்டரும் சில கண்டென்சர்களும் வாங்கி, எவர் அனுமதியும் கேளாமல் இதனைச் செய்துகொள்ள முடிகிறது!

செய்வோர்க்குச் சில சொற்கள். பாக்ஸண்டால் அமைப்புக்குச் சீராக மாறும் ‘லீனியர்’ கண்ட்ரோலே பொருந்தும். ஜேம்ஸ் அமைப்புக்கு ‘லாக்’ வகை வேண்டும். மாற்றிப் பொருத்தினால் குமிழின் நடுநிலை பொருளற்றுப்போகும். கண்ட்ரோல்களின் உலோக உடலை எர்த்துடன் சேர்க்காவிட்டால் மின்சார உறுமல் புகும். பேஸைக் கூட்டுகையில் உறுமலும் கூடவே வளரும். பேஸை 10 டெசிபல் உயர்த்துவதென்றால் அப்பகுதிக்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஒரு வாட்டில் இனிது பாடிய பாட்டு பத்து வாட்டைக் கேட்கையில், ஐந்து வாட் ஆம்ப்ளிபயர் என்செய்யும்? கரகரக்கும். திருமணப் பந்தல்களில் நெஞ்சுக்கூடு அதிரப் பேஸை ஏற்றுவோர், நாகசுரத்தை விட்டுத் தவிலை மட்டும் கேட்கச் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

பண்பலை ஒலிபரப்பில் வினாடிக்கு 15,000 அதிர்வுகள் வரை வருகின்றன. மின்னல் கரகரப்பும் வெகு குறைவு. ஆகவே உயர்ந்த ஒலிகளைக் கழிக்கும் பழைய வழக்கத்திற்கு அதில் தேவை இல்லை. செய்தி கேட்கும்போது பேஸைச் சற்றே தாழ்த்தி, டிரெபிளை நடுவிலிருந்து சிறிது உயர்த்தி வையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். மூப்பில் பெரும்பாலோர்க்கு முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனே. ஒலியளவைக் கூட்டச் சொல்லி அவர் கேட்பது, பல வேளைகளில் மெய்யெழுத்தைத்தான்.