சீனக் கடற்பயணங்கள்: சான்றுகளும் மதிப்பீடும்

பழங்காலச் சீனர் கடல்வழியே எவ்வளவு தொலைவு சென்றனர் என்பதை ஆராய்வோருக்குத் தமிழகமும் இலங்கையும் முக்கியமான சான்றுகளைத் தருகின்றன. ஆனால் எல்லாச் சான்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

தஞ்சைப் பகுதியில் சீனக் காசுப் புதையல்களும், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்துள்ளன. வாணிகம் நடந்ததற்கு இவை போதும். கொண்டுவந்தவர் சீனரே என்பதற்குப் போதா. தமிழ், அரபு வணிகரின் மரக்கலங்களிலும் இவை வந்திருக்கலாம். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றன. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஆக, இங்கிருந்தும் கப்பல்கள் போயின.

நாகப்பட்டினக் கோபுரம் இவற்றைவிட வலுவான சான்று. 1267 இல் கட்டி முடிக்கப்பட்டதாகச் சீன எழுத்துப் பொறித்த கோபுரம் ஒன்றை 14 ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடுகிறார். 'சீனக் கோபுரம்' எனப்பட்ட செங்கல் கட்டடம் அவ்வூரில் 19 ஆம் நூற்றாண்டு வரை நின்றது. பிரித்தானிய அதிகாரி வால்டர் எலியட் அதைப் பதிவு செய்தார். 1867 இல் இயேசு சபையினர் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டனர். வாங் கண்ட கோபுரம் இதுதானா என்பதைச் சரிபார்க்கும் வாய்ப்பும் அத்தோடு போனது. ஈடுசெய்ய முடியாத இழப்பு இது.

ஐயத்துக்கே இடமில்லாத சான்று இலங்கையின் காலி நகரில் 1911 இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. மதகு ஒன்றின் மூடுகல்லாக எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது. உச்சியில் இரு டிராகன்கள்; வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்ட இக்கல்லைச் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்னும் இந்துக் கடவுளையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைகளும் பட்டியலிடப்பட்டுள்ளன. தேதி, பெயர், நோக்கம் மூன்றும் ஒரே கல்லில் உள்ளன. செங் ஹோவுடன் பயணித்த மா ஹுவான் எழுதிய நூலும், சீனத்தில் செங் ஹோ 1431 இல் நட்ட கல்வெட்டும் செங் ஹோவின் கடற்பயணங்களை உறுதிசெய்கின்றன.

செங் ஹோவின் ஏழு பயணங்கள் (1405–1433) கிழக்கு ஆப்பிரிக்கா வரை எட்டியதற்கு ஆதாரம் உண்டு. அப்படை 1421 இல் அமெரிக்காவைக் கண்டது என்று கேவின் மென்சீஸ் 2002 இல் எழுதிய நூலுக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. அவர் காட்டிய வரைபடங்களையும் கப்பல் சிதைவுகளையும் வரலாற்றறிஞர்கள் ஏற்கவில்லை. கொலம்பஸுக்கு முன் சீனர் அமெரிக்கா சென்றதாக இன்றைய நிலையில் கொள்ள இடமில்லை.