தாய்வழியும் பால்நெறியும்: மட்டக்களப்புக் குடிமரபு பற்றிய ஒரு நோக்கு

மனிதரின் பாலியல் வாழ்வை உறவுமுறையும் சொத்துரிமையும் சடங்கும் நெறிப்படுத்துகின்றன என்பது பண்பாட்டு மானிடவியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். தாயுரிமை வீழ்ந்து தந்தைவழிச் சொத்துடைமை நிலைபெற்றபோதே பெண்ணின் கற்பு கண்காணிப்புக்கு உள்ளாயிற்று என 1884இல் ஏங்கெல்ஸ் வாதிட்டார். அவ்வாறாயின், தாய்வழி மரபு நிலவும் சமூகத்தில் அக்கண்காணிப்பு இல்லாதிருத்தல் வேண்டும். இவ்வாதத்தைச் சோதித்தற்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் ஏற்ற களமாகும்.

வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில், மண்முனை தென் எருவில்பற்றில் அமைந்தது களுதாவளை. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் பெயர்பெற்ற இவ்வூரை உள்ளடக்கிய இப்பிரதேசத்தில், பிள்ளை தாயின் குடியையே சேர்கின்றது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாட்சி குடி என்பன இக்குடிகளுட் சில. இப்பிரதேசத்து முஸ்லிம் மக்களிடையேயும் இம்மரபு உண்டு.

ஒரே குடியைச் சேர்ந்தோர் உடன்பிறந்தோராகக் கருதப்படுவர். அவர்களிடையே மணமும் பாலுறவும் விலக்கப்பட்டவை. தாயின் சகோதரி மக்கள் அண்ணன் தங்கையர்; தாய்மாமன் மக்களும் அத்தை மக்களும் மச்சான் மச்சாள் என மணத்திற்குரியோர். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகும். மணமகன் அவள் வீட்டிற்குச் சென்று வாழ்கின்றான்.

எனினும், இத்துணை வலிமை பெற்ற பெண்ணின் பாலியல் வாழ்வு கட்டற்றதாக இல்லை. பூப்பெய்திய பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு நிகழ்த்தப்படுகின்றது. துடக்கு விதிகள் அவளைச் சூழ்கின்றன. சாதித் தகுதி தாய்வழியாகவும் தொடர்வதாலேயே பெண்ணின் தூய்மை காக்கப்படுகின்றது என இலங்கையையும் மலபாரையும் ஒப்பிட்டு நூர் யால்மன் 1963இல் எழுதினார். அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, உடற்சூடு, குருதி, கருத்தரிப்பு பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் கொண்டுள்ள எண்ணங்களை 1982இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார்.

ஒப்புநோக்கு இவ்விடத்துப் பயன்தரும். தாய்வழியினரான ட்ரோப்ரியாண்ட் தீவினரிடையே மணத்திற்கு முந்திய பாலுறவு இயல்பாக ஏற்கப்பட்டதை மலினோவ்ஸ்கி 1929இல் விவரித்தார். மலபார் நாயர்களின் பழைய சம்பந்த முறையில் ஒரு பெண் ஒருவருக்கு மேற்பட்டோருடன் உறவுகொள்ள இடமிருந்தது. மட்டக்களப்பு மரபு இவ்விரண்டையும் ஏற்கவில்லை. ஆகவே, தாய்வழி மரபிலிருந்து ஒரே வகையான பால்நெறியை ஊகித்தல் பொருந்தாது. தாய்வழி என்பது தாயாட்சியும் அன்று. குடிவழி வரும் வண்ணக்கர் போன்ற கோயிற் பதவிகளை ஆண்களே வகித்து வந்துள்ளனர்.

ஆயின் பெண்ணுக்கு இம்மரபு அளித்தது யாது? இதற்கு விடை சொத்துரிமையில் உள்ளது. பழைய முக்குவர் சட்டப்படி முதுசச் சொத்து மாமனிடமிருந்து மருமக்களுக்குச் சென்றது. தேடியதேட்டம் சொந்தப் பிள்ளைகளைச் சேர்ந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் பின் இச்சட்டம் வழக்கொழிந்தது. அதன்பின், மகளுக்கு எழுதப்படும் சீதனமே தாய்வழியிற் சொத்துத் தொடர்தற்குரிய முதன்மை வழியாயிற்று. மணவாழ்வு முறியுமிடத்து வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவன் கணவனே. கைவிடப்பட்டவளும் கைம்பெண்ணும் தம் வீட்டில், தாய், சகோதரியர் அருகில் வாழ முடிந்தது. விரும்பாத உறவைச் சகித்திருக்க வேண்டிய பொருளாதார நெருக்கடி இதனாற் குறைந்தது.

இவ்வுரிமை அண்மைக் காலத்தில் வேறொரு வழியால் நலிவுற்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையோரத்தில் வழங்கப்பட்ட புதிய வீடுகள் பல, 'குடும்பத் தலைவன்' என்ற நிர்வாகக் கருத்தின்படி ஆணின் பெயரில் எழுதப்பட்டன. பெண்ணின் சீதன வீடு அழிந்த இடத்திற் கணவனின் வீடு எழுந்தது.

பெண்ணின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் வழக்கம் இம்மரபில் என்றும் இருந்துள்ளது. அதற்கு எதிர்நிறையாக நின்றது அவளது வீட்டுரிமையே. வீட்டுரிமை பறிபோகுமாயின் கண்காணிப்பு மட்டுமே எஞ்சும். குடிமரபைப் பழம்பெருமையாகப் போற்றுவோரும், அதனைப் பிற்போக்கெனத் தள்ளுவோரும் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.