கங்கை நீரும் பாண்டியன் முடியும்
இராசேந்திர சோழன் பேரரசை நிலைநாட்டிய வகை

சிங்கப்பூரை நிறுவியவன் சாங் நீல உத்தமா என்னும் இளவரசன் என்று மலாய் நூலான 'செஜாரா மெலாயு' கூறுகிறது. அவனுடைய மரபு, ராஜா சூலன் என்னும் இந்திய மன்னன் வழியாக மாவீரன் அலெக்சாந்தர் வரை கொண்டுசெல்லப்படுகிறது. சூலன் என்பது சோழன் என்னும் பெயரின் திரிபே என்பர் அறிஞர் பலர். இதனைக் கொண்டு, இராசேந்திர சோழன் சிங்கப்பூரை ஆண்டான் என்று தமிழ் மேடைகளில் பேசுவோரும் உளர். கல்வெட்டுகள் கூறுவது வேறு.

இராசேந்திரன் 1012-இல் இளவரசுப் பட்டம் பெற்று, 1014-இல் தந்தை இராசராசனுக்குப் பின் தனியாட்சி ஏற்றான். 1018-இலேயே தன் மகன் இராசாதிராசனுக்கு முடிசூட்டி, உடனிருந்து ஆளச் செய்தான். அரியணைப் பூசலுக்கு இதனால் இடமில்லாது போயிற்று.

பாண்டிய நாட்டில் படைவலி மட்டும் போதவில்லை. பத்தாம் நூற்றாண்டில் சோழருக்குத் தோற்றோடிய பாண்டியன், தன் மணிமுடியையும் இந்திரன் ஆரத்தையும் ஈழ மன்னனிடம் அடைக்கலமாக வைத்திருந்தான். முதற் பராந்தகனால் மீட்க இயலாத அவற்றை இராசேந்திரன் கைப்பற்றினான். பின்னர்த் தன் மற்றொரு மகனைச் சோழபாண்டியன் என்னும் பெயருடன் மதுரையில் அமர்த்தினான். பாண்டியரின் உரிமை மீண்டும் தலையெடாதிருக்க இது வழிசெய்தது.

கங்கைப் படையெடுப்பின் நோக்கமும் நிலம் கொள்வதன்று. வடநாட்டைச் சோழர் நிலையாக ஆளவில்லை. கங்கைக்கரை மன்னர்களைக் கொண்டே அந்நதியின் நீர் கொண்டுவரப்பட்டது எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். சோழகங்கம் என்னும் ஏரியை அவை நீர்மயமான வெற்றித் தூண் எனப் போற்றுகின்றன. அதனருகே கங்கைகொண்ட சோழபுரம் புதிய தலைநகராய் எழுந்தது. அங்குள்ள கோயிலில் சிவபெருமான் சண்டேசர் தலையில் மலர்மாலை சூட்டும் சிற்பம், இறைவனே அரசனுக்கு முடிசூட்டுவதை உணர்த்துவது என்று கருதுவாரும் உளர்.

1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பும் இத்தகையதே. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் முதலிய ஊர்கள் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றன. சிற்றூர்க் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியும் அம்மெய்க்கீர்த்தியின் பின்னரே பொறிக்கப்பட்டது. கடல் கடந்த வெற்றி இவ்வாறு உள்நாட்டு மக்களின் செவிக்கு எட்டியது.

அப்பட்டியலில் துமாசிக்கின் பெயர் இல்லை. அங்கே சோழர் ஆட்சி நடந்ததற்குச் சான்றும் இல்லை. ஆயினும் 1612-ஆம் ஆண்டைத் தன் முகவுரையில் குறிக்கும் செஜாரா மெலாயு, மலாக்கா அரச மரபின் உயர்வை நாட்ட ராஜா சூலனை முன்னோனாக்கியது. பாண்டியன் முடியும் கங்கை நீரும் இராசேந்திரனுக்கு எவ்வாறு பயன்பட்டனவோ, அவ்வாறே சோழர் பெயர் பின்வந்த மலாய் அரசர்க்குப் பயன்பட்டது.

கல்வெட்டையும் கதையையும் வேறுபடுத்திக் காட்டுவது மாணவருக்குச் சோழர் பெருமையைக் குறைத்துக் கூறுவதாகாது. நிலத்தை ஆளாமலே ஒரு மரபின் பெயர் ஆறு நூற்றாண்டு நின்றது என்பது, ஆண்டதாகக் கூறும் கற்பனையினும் பெரிய செய்தியன்றோ?