தேசாதிபதியின் கட்டளையும் வீட்டு வாசலும்



2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பின், எங்கள் கரையோர ஊர்களிலே தேடுதல்கள் நடந்த நாட்களில், அட்டாளைச்சேனையில் என் மாணவனொருவன், "சேர், கேளாமலே வீட்டினுள் நுழையச் சட்டம் இடங்கொடுக்குமா?" என வினவினான். விடை கூற நான் 1937ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலை றெலுகாஸ் தோட்டத்திலே துரைத்தனம் பழகியவர் பிரேஸ்கேர்டில் என்னும் ஆங்கிலேய இளைஞர். பழகியதோ தொழிலாளர் பக்கம் நிற்பதை! சமசமாஜக் கட்சி மேடைகளிலும் ஏறினார். தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டுக் கட்டளையொன்றைத் தூசு தட்டியெடுத்து, ஏப்ரல் 24ஆந் திகதி மாலைக்குள் அவர் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமெனப் பணித்தார். அவர் நீங்கவில்லை, மறைந்தார். பொலிசார் தேடிக்கொண்டிருக்கையிலேயே மே 5இல் காலிமுகத்திடற் கூட்டத்திலே தோன்றினார். மே 7இல் கைதானார்.

ஆட்கொணர்வு மனுவில் எச். வி. பெரேரா வாதாடினார். அவசரநிலைக்கென வகுத்த அதிகாரத்தை அமைதிக்காலத்திற் பயன்படுத்தலாகாது, ஆகவே கைது சட்டவிரோதமானது என்று மே 18இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி செய்தேனென நீதிமன்றில் நிறுவ முடியாதவன் எவனும், தேசாதிபதியே ஆயினும், பிறர் சுதந்திரத்திற் கைவைக்கலாகாது என்ற நெறிக்கு, நைஜீரியத் தலைவர் ஒருவரின் 1931ஆம் ஆண்டு வழக்கைப் பிரதம நீதியரசர் ஏப்ரஹாம்ஸ் எடுத்துக்காட்டினார்.

இன்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைதுக்குக் காரணம் கூறவேண்டுமென்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்கிறது. எனினும் 15ஆம் உறுப்புரை, கைது பற்றிய காப்பினை அவசரகால விதிகளாற் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. மாணவன் கேட்ட நாட்களோ அவசரகால நாட்களே.

வீட்டைப் பற்றியோ அரசியலமைப்பில் வெளிப்படையான உறுப்புரையே இல்லை. கென்யாவிலே, சோதனையிட அதிகாரமற்ற பொலிசார் குருமா என்பவரிடம் இரு தோட்டாக்களைக் கண்டனர். சோதனை முறைகேடானதாயினும் தோட்டாக்கள் சான்றாகுமெனக் கோமறைக் கழகம் 1955இல் தீர்த்தது. அக்காலம் நமது மேன்முறையீடுகளும் சென்ற மன்றமல்லவா அது! அமெரிக்க மாநில மன்றங்களிலோ 1961 முதல் அத்தகைய சான்று விலக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன் மௌனமானான். அடிப்படை உரிமை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யவேண்டும் என்றேன். அந்த ஒரு மாதத்தை மட்டும் அவன் கொப்பியிற் குறித்துக்கொண்டான்.