சுவருக்குப் பின்னே பூத்த பூசணம்

மழைக்காலத்தில் பழைய தோற்செருப்பின் மீது பூசணம் பூத்திருப்பதைக் காணாத வீடு நம் நாட்டில் இராது. துடைத்து வெயிலில் வைத்தால் தொல்லை தீர்ந்தது. ஆனால், பெரும் பொருட்செலவில் எழுப்பிய விடுதிகளையும் அலுவலகங்களையும் இந்த அற்பப் பொருள் நிலைகுலையச் செய்த வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது அமெரிக்காவில். காற்றின் ஈரத்தை அடக்கும் பொறி பிறந்ததும் அந்நாட்டிலேதான் என்பது விந்தை.

1902-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில் வண்ணப் படங்கள் பாழாகிக்கொண்டிருந்தன. ஈரக் காற்றில் தாள் விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஆகவே ஒரு வண்ணத்தின் மேல் மறு வண்ணம் பொருந்தாமல் விலகிப் பதிந்தது. இதற்கு வழி காண முற்பட்டவர் வில்லிஸ் காரியர் என்னும் 25 வயதுப் பொறியாளர். வெயிற்காலத்தில் குளிர்நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த வியர்வைதான் அவர் கையாண்ட தத்துவம். குளிர்ந்த குழாய்களின் மீது காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள ஈரம் நீராகி வடிந்துவிடும். ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவதே அவருடைய குறிக்கோள். மனிதர் சுகத்துக்காக அன்று. தாளின் நலத்துக்காகவே அப்பொறி பிறந்தது! 1911-ல் காற்றின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவைச் சூத்திரங்களாக வகுத்து அறிஞர் அவையில் படித்தார்.

இதற்கிடையே சுவரும் மாறி வந்தது. கல்லிலும் சுண்ணாம்பிலும் பூசணம் தின்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. 1894-ல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் தாளையும் ஜிப்சத்தையும் அடுக்கிய பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகைப் பலகையே அமெரிக்கக் கட்டிடங்களின் உட்சுவர் ஆயிற்று. விரைவில் எழுப்பலாம், விலையும் மலிவு. ஆனால் மரக்கூழில் செய்த தாள் பூசணத்துக்கு விருந்து என்பதை அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை. விருந்து காத்திருந்தது; வேண்டியது ஈரம் மட்டுமே.

1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. குளிரூட்டிய காற்று வீணாகலாகாது என்று கட்டிடங்களை இறுக மூடினர். 1981-ல் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் ஒன்றின் விதி, ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்றே போதும் என்று கூறியது. 1989-ல் அதே சங்கம் அந்த அளவை 15 கன அடியாக உயர்த்த நேர்ந்தது.

புளோரிடா முதலிய வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளின் விடுதிகளில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குளியலறை விசிறிகள் இரவும் பகலும் அறைக்காற்றை வெளியேற்றின. அதற்கு ஈடாக உலர்ந்த காற்றை உள்ளே செலுத்தப் போதிய ஏற்பாடில்லை. எனவே வெளியிலுள்ள ஈரக்காற்று சுவரின் இடுக்குகள் வழியே இழுக்கப்பட்டது. சுவரின் உட்புறத்தில் அழகுக்காக ஒட்டிய வினைல் தாள், அறைக்குளிரால் சில்லிட்டிருந்தது. ஆவி அதைக் கடந்து செல்லவும் இயலாது. ஆகவே அதன் பின்புறத்திலேயே நீர் கோத்தது. பலகையின் தாளில் பூசணம் படர்ந்தது. முன்னால் அழகிய பூவேலை, பின்னால் கருமை! சிலர் குளிர்சாதனத்தை இன்னும் முடுக்கிவிட்டனர். நோய்க்கு மருந்தென்று நோயையே ஊட்டியதற்கு ஒப்பாயிற்று அது. சில்லிப்பு மிகமிகச் சுவர் மேலும் வியர்த்தது.

இதனால் கெட்டது சுவர் மட்டுமன்று. அங்கே நாள்தோறும் வேலை பார்ப்போர் அக்காற்றையே சுவாசித்தனர். ஈரமும் பூசணமும் உள்ள கட்டிடங்களில் இருப்போர்க்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட நூல் எடுத்துரைத்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பள்ளிகளுக்கும் வணிகக் கட்டிடங்களுக்குமென 2001-ல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துக. உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். நீர் வரும் வழியை முதலில் அடைத்திடுக என்கிறது அது. நஞ்சு தெளித்துக் கொன்றால் போதாதோ என்று நேயர்கள் கேட்கலாம். போதாது, செத்த பூசணமும் சிலருக்கு ஒவ்வாமை தருமாதலால், அதனை அகற்றியே ஆகவேண்டும் என்று அந்நூல் சொல்கிறது.