வேலியும் நிலத்தடி நீரும்: மலக்குழி அங்கீகாரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலசலகூடக் குழி வரலாற்றாய்வுக்கு உரிய பொருளன்று எனச் சிலர் கருதலாம். ஆயின் நிலவுடைமை, சட்டம், சுகாதாரம் ஆகிய மூன்றும் ஒரு சமூகத்தில் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அது தெளிவாகவே காட்டுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குவோம்.

கொழும்பில் கொள்ளைநோய் பரவியது 1914இல். மறு ஆண்டில் 19ஆம் இலக்க வீடமைப்பு, பட்டின அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. உள்ளூராட்சி எல்லைக்குள் கட்டடம் எழுப்புவோர் வரைபடத்திற்கு முன்னங்கீகாரம் பெறவேண்டும். கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழும் பெறவேண்டும். அக்காலத்து நகரங்களில் வாளி மலசலகூடங்கள் வழக்கிலிருந்தன. அவற்றைச் சுமக்கும் தொழில் சாதியின் பெயரால் ஒரு பகுதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. அழுகற்றாங்கியும் உறிஞ்சுகுழியும் பரவியமை அவ்வகையில் முற்போக்கான மாற்றமே. ஆயின் கழிவு இப்போது வளவுக்குள்ளேயே தங்கலாயிற்று.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. கிணற்று நீரே வாழ்வாதாரம். அடியில் உள்ளது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நீர் அதனைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது என்பதற்குப் புத்தூர் நிலாவரைக் கிணறே சான்று. மண் ஆழமாக உள்ள இடத்தில் கழிவுநீர் வடிந்து ஓரளவு தூய்மையடையும். வெடிப்புள்ள பாறையில் வடிகட்டலின்றி விரைந்து ஓடும். அழுகற்றாங்கி திண்மங்களைப் படியச் செய்யுமேயன்றி நைதரசனைப் பெரிதும் அகற்றாது. அது நைத்திரேற்றாக மாறி நீருடன் செல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்கவைத்தும் பயனில்லை. விவசாய உரங்களும் இதற்குக் காரணமெனினும், குழிகளின் பங்கை மறுத்தல் இயலாது.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டுமென்பது நெடுங்கால நடைமுறை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் காணித் துண்டின் குறைந்தபட்ச அளவாக 150 சதுர மீற்றரை ஏற்றன. அத்தகைய சதுரக் காணியின் பக்கம் 12 மீற்றருக்குச் சற்று அதிகம். மூலைவிட்டம் ஏறத்தாழ 17 மீற்றர். எதிரெதிர் மூலைகளில் வைத்தாலன்றி 50 அடி கிட்டாது. அவ்வாறு மூலைக்குத் தள்ளப்பட்ட குழி அயலவரின் கிணற்றை அணுகிவிடுகின்றது. வரைபடத்தை ஒவ்வொரு காணியாக நோக்கும் அங்கீகார முறை இம்முரண்பாட்டைக் காண்பது அரிது.

இதன் பாரம் எவர் மீது விழுகின்றது? பரந்த வளவுடையோர் குழியை விலக்கி வைக்கலாம். நெருங்கிய குடியிருப்புகளில் வாழும் உழைப்பாளர்க்கு அவ்வாய்ப்பில்லை. ஒருகாலத்தில் பொதுக்கிணற்றில் நீரள்ளும் உரிமையே ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டது. அதனைக் குற்றமாக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வேண்டியிருந்தது. நீரள்ளும் உரிமை கிடைத்தும் அந்நீர் மாசுற்றிருப்பின் அவ்வுரிமை பொருளற்றதாகும்.

ஆகவே, அங்கீகாரம் அளிக்குமுன் அயற்காணிகளின் கிணறுகளையும் வரைபடத்திற் குறிக்கச் செய்தல் வேண்டும். நெருங்கிய குடியிருப்புகளில் கசிவற்ற பொதுத் தாங்கிகளை அமைத்து, கழிவை முறையாக அகற்றும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்றல் வேண்டும். வேலி காணியைப் பிரிக்கின்றது. நீரோ அனைவர்க்கும் பொதுவானது. சட்டம் இவ்வுண்மையிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து.